கெட்டித் தயிரில் தொட்டுக்கொள்ளும் பச்சடி – நம் வீட்டிலேயே செய்யலாம்!



பாலுக்கும் நம்ம சீர்காழிக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரியும். கோயில் குளக்கரையில் அழுத குழந்தை திருஞானசம்பந்தருக்கு அம்பாள் ஞானப்பால் கொடுத்த ஊர் இது. இப்போதும் சித்திரையில் சட்டைநாதர் கோயிலில் திருமுலைப்பால் விழா நடக்கிறது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து சென்னைக்குப் போன நான், ஒரு சின்ன டப்பாவைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கோடை விடுமுறையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே சித்தி மகள் ஒரு வெள்ளை டப்பாவைத் திறந்து, கேரட் துண்டையும் சிப்ஸையும் அதில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். "இது கிரீக் யோகர்ட் டிப்" என்றாள். நானும் தொட்டுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று நல்லாத்தான் இருந்தது. விலையைக் கேட்டதும்தான் கேரட் தொண்டையில் நின்றது. டப்பாவைத் திருப்பி எழுத்தைப் படித்தேன். பால், தயிரை உறைய வைக்கும் பாக்டீரியா, உப்பு, பூண்டு, வெள்ளரி. அட, இது நம்ம தயிர்ப்பச்சடிதானே!

அப்படியானால் என்ன வித்தியாசம்?

தண்ணீர்தான் வித்தியாசம். பசும்பாலில் 100 பங்கில் சுமார் 87 பங்கு தண்ணீர். அது உறைந்து தயிரான பிறகும் அந்தத் தண்ணீர் உள்ளேயேதான் இருக்கிறது. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் சொட்டிச் சொட்டி இறங்கிவிடும். துணியில் தங்குவது கெட்டித் தயிர். கிரீஸ் நாட்டில் இப்படி வடிகட்டிய தயிரில் வெள்ளரிக்காயும் பூண்டும் சேர்த்துச் செய்வதற்கு 'சாட்சிகி' என்று பெயர். லெபனான் நாட்டில் தயிரை இன்னும் கெட்டியாக வடித்து 'லப்னே' என்கிறார்கள். இவ்வளவு தூரம் போவானேன்? மகாராஷ்டிராவில் வடிகட்டிய தயிரில் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு 'ஸ்ரீகண்ட்' செய்கிறார்கள். எல்லாமே துணியும் தயிரும் செய்கிற வேலைதான்.

அம்மா கேட்ட கேள்வி

ஊருக்கு வந்ததும் ஆசை ஆசையாக அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "நாலு டம்ளர் தயிரைக் கட்டித் தொங்கவிட்டா ரெண்டு டம்ளர் ஆயிடும். நம்ம வீட்ல ஆறு பேரு. ராத்திரி சோத்துக்கு எதை ஊத்துறது?" என்று கேட்டாங்க.

எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்தால் அம்மா சொன்னது சரிதான். நம்ம வீடுகளில் தயிரில் தண்ணீர் ஊற்றி மோராக்கி எல்லோருக்கும் வருமாறு செய்கிறோம். டிப் செய்கிறவர்கள் தண்ணீரை எடுத்து அளவைக் குறைக்கிறார்கள். ஒன்று பெருக்குகிற வழி, இன்னொன்று சுருக்குகிற வழி. ஆறு பேர் உள்ள வீட்டில் சுருக்குகிற வழி எப்படிச் சரிப்படும்? இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு மூன்று தடவை ஆனது. அந்தப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் செய்முறை.

கெட்டித் தயிர் செய்முறை

1. பாலை நன்றாகக் காய்ச்சி ஆறவிடுங்கள். விரலை விட்டால் சுடாமல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு ஸ்பூன் உறைமோர் போதும். பால் சூடாக இருக்கும்போது உறை ஊற்றினால் பாக்டீரியா செத்துப்போகும். ரொம்ப ஆறிவிட்டால் உறையவே நேரமாகும்.

2. வெயில் காலத்தில் 5, 6 மணி நேரத்தில் உறைந்துவிடும். மார்கழியில் ராத்திரி முழுக்க ஆகும். இடையில் ஆட்டிப் பார்க்கக் கூடாது.

3. பழைய பருத்தி வேட்டித் துணியை வெந்நீரில் அலசிப் பிழிந்து இரண்டாக மடியுங்கள். சோப்பு வாடை இருக்கவே கூடாது. துணியை ஒரு பாத்திரத்தின் மேல் விரித்துத் தயிரை ஊற்றி மூட்டையாகக் கட்டுங்கள்.

4. மூட்டையைத் தொங்கவிட்டு, அடியில் எவர்சில்வர் பாத்திரம் வையுங்கள். கையால் பிழியாதீர்கள். பிழிந்தால் தயிரும் துணி வழியே வந்துவிடும். 3 மணி நேரத்தில் ஏறக்குறைய பாதி அளவு வடிந்துவிடும்.

நான் முதல் தடவை பள்ளிக்கூடம் போகும்போது கட்டிவிட்டு, சாயங்காலம் வந்துதான் அவிழ்த்தேன். பங்குனி வெயில். வாயில் வைக்க முடியாத புளிப்பு! பாக்டீரியாக்கள் தொங்கிக்கொண்டேயும் வேலை செய்கின்றன. ஆகவே வெயில் நாளில் 2, 3 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். ஃப்ரிட்ஜ் இருந்தால் வடிகட்டியில் துணியோடு வைத்து உள்ளே வைத்துவிடலாம்.

ஃப்ரிட்ஜும் இல்லை, கட்டித் தொங்கவிட நேரமும் இல்லை என்றால் மண்சட்டியில் உறை ஊற்றுங்கள். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சட்டி கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி வெளியே ஆவியாக விடுகிறது. அதனால் தயிர் கெட்டியாகவும் ஆகும், குளிர்ச்சியாகவும் இருக்கும். இலங்கையின் தெற்குப் பகுதியில் எருமைப் பாலை மண்சட்டியிலேயே உறையவிட்டு, சட்டியோடு விற்கிறார்கள். கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிடுவார்களாம்.

பால் ஏன் உறைகிறது?

பாலில் உள்ள இனிப்புக்கு லாக்டோஸ் என்று பெயர். பாக்டீரியாக்கள் அதைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலில் தனித்தனியாக மிதந்த கேசின் என்ற புரதத் துகள்கள் ஒன்றோடு ஒன்று கைகோத்துக்கொள்கின்றன. காய்ச்சிய பாலின் பி.எச். மதிப்பு சுமார் 6.6. அது 4.6 பக்கம் வரும்போது தயிர் நன்றாகக் கெட்டிப்பட்டுவிடும். மீன் வலையை நினைத்துக்கொள்ளுங்கள். கேசின் வலை, அதற்குள் மாட்டிய தண்ணீர். நாம் துணியில் கட்டும்போது வலை தங்குகிறது, தண்ணீர் இறங்குகிறது. அவ்ளோதான் சங்கதி!

மூன்று வகை டிப்

*அ) வெள்ளரிப்பிஞ்சு டிப்*

தேவையானவை: கெட்டித் தயிர் 1 டம்ளர், வெள்ளரிப்பிஞ்சு 2, பூண்டு 1 பல், மிளகுத்தூள் கால் ஸ்பூன், உப்பு, நல்லெண்ணெய் சில சொட்டு.

வெள்ளரியைத் துருவி உப்புப் போட்டுப் பிசறிப் பத்து நிமிஷம் வையுங்கள். தண்ணீர் விட்டிருக்கும். இதுதான் நாம் அறிவியலில் படிக்கும் சவ்வூடு பரவல். உப்பு, காய்க்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. நன்றாகப் பிழிந்துவிட்டுத் தயிரில் சேர்த்து, நசுக்கிய பூண்டு, மிளகு, எண்ணெய் கலக்குங்கள். இரண்டாவது தடவை நான் பிழியாமல் போட்டேன். அரை மணியில் டிப் மறுபடியும் பச்சடி ஆகிவிட்டது. அவ்வளவு நேரம் வடிகட்டியது வீண்!

*ஆ) கொத்தமல்லி, புதினா டிப்*

ஒரு கைப்பிடி கொத்தமல்லி, அரைக் கைப்பிடி புதினா, ஒரு பச்சை மிளகாய், உப்பு. இவற்றைத் தண்ணீர் விடாமல் அம்மியில் நசுக்கி, ஒரு டம்ளர் கெட்டித் தயிரில் கலக்குங்கள். தழையைக் கழுவிய பிறகு துணியில் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். வாழைக்காய் வறுவலுக்கும் அடைக்கும் ரொம்பப் பொருத்தம்.

*இ) மோர் மிளகாய் டிப்*

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. மூன்று மோர் மிளகாயைக் கருகாமல் வறுத்து, ஆறியதும் கையால் நொறுக்கித் தயிரில் போடுங்கள். உப்புப் போடாதீர்கள், மிளகாயிலேயே இருக்கிறது. சாப்பிடும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். முன்கூட்டியே கலந்தால் மொறுமொறுப்புப் போய்விடும். அரிசி வடாமைப் பொரித்து இதில் தொட்டுப் பாருங்கள்!

வடிந்த தண்ணீரைக் கொட்டலாமா?

கொட்டவே கூடாது! அந்தத் தண்ணீர் லேசாகப் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் இருக்கும். கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தேன். அந்த நிறம் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின் பி2-வின் நிறம். இது குறைந்தால் வாயோரத்தில் புண் வரும் என்று படித்திருக்கிறோமே, அதே வைட்டமின்தான். வெளிச்சம் பட்டால் இது அழிந்துபோகும். அதனால் மூடி வையுங்கள். இன்னொரு விஷயம், தயிரின் புளிப்பில் கால்சியமும் கரைந்து நிறைய இந்தத் தண்ணீரோடுதான் இறங்குகிறது. தண்ணீரைக் கொட்டினால் எலும்புக்கு உள்ளதைச் சாக்கடையில் கொட்டுகிறோம் என்று அர்த்தம்.

ரசத்துக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம். புளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். சப்பாத்தி மாவு பிசையலாம், மிருதுவாக வரும். இஞ்சி, உப்பு, கறிவேப்பிலை தட்டிப் போட்டு அப்படியே குடிக்கலாம்.

அம்மாவின் கேள்விக்குப் பதில்

மூன்றாவது தடவை நான் நாலு டம்ளர் தயிரையும் கேட்கவில்லை. இரண்டு டம்ளர்தான் கேட்டேன். அதை வடித்ததில் ஒரு டம்ளர் கெட்டித் தயிரும் ஒரு டம்ளர் தண்ணீரும் கிடைத்தது. தண்ணீர் அன்றைய ரசத்துக்குப் போய்விட்டது. மீதி இரண்டு டம்ளர் தயிரை அம்மா மோராக்கினாங்க. கெட்டித் தயிரில் வெள்ளரி டிப் செய்தேன். ஆறு பேருக்கும் ஆளுக்கு மூன்று ஸ்பூன் வந்தது. அப்பாயிக்குப் பல் இல்லாததால் கேரட் கடிக்க முடியாது, சோற்றிலேயே போட்டுப் பிசைந்துகொண்டாங்க. சமைத்த கேரட்டைத் தட்டில் ஒதுக்கி வைக்கிற என் தம்பி, பச்சைக் கேரட் இரண்டைத் தின்றுவிட்டு இன்னும் இருக்கா என்று கேட்டான்.

மோரில் அன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே நான் கண்டுபிடித்த பதில் இதுதான்: இது தினமும் செய்வதற்கு அல்ல. தயிர் மிஞ்சுகிற நாளில், வாரத்துக்கு ஒரு நாள், இருக்கும் தயிரில் பாதியை மட்டும் எடுத்துச் செய்ய வேண்டும். வடிந்த தண்ணீரில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. அப்போது யாருக்கும் குறையாது. அம்மாவும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கெழமை பாக்கலாம்" என்று சொன்னாங்க. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்!

கவனத்தில் வையுங்கள்

* ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் தயிரையோ வடிந்த தண்ணீரையோ வைக்காதீர்கள். புளிப்பில் உலோகம் கரைந்து களிம்பு பிடிக்கும்.
* ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் டிப்பை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.
* துணியை உடனே அலசி வெயிலில் காயப்போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை வாடை வரும்.

உங்களுக்குத் தெரியுமா?

நம் தேசிய விலங்கு புலி, தேசியப் பறவை மயில். தேசிய நுண்ணுயிரி எது? தயிரை உறைய வைக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றான லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ்! 2012 அக்டோபரில் ஹைதராபாத்தில் நடந்த பல்லுயிர்ப் பெருக்க மாநாட்டின்போது அப்போதைய மத்திய அமைச்சர் ஜெயந்தி நடராஜன் இதை அறிவித்தார். இதைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார் தெரியுமா? ஊர் ஊராகப் போன அறிவியல் ரயிலைப் பார்க்க வந்த நம்மைப் போன்ற பிள்ளைகள்தான்!

இன்னொன்று. குறுந்தொகையில் 167-ஆவது பாட்டு, பாடியவர் கூடலூர் கிழார். புதிதாகக் குடித்தனம் வந்த ஒரு பெண் கெட்டித் தயிரைத் தன் கையாலேயே பிசைந்து குழம்பு வைக்கிறாள். கணவன் அதை ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்ததும் அவள் முகம் லேசாக மலர்கிறது. கெட்டித் தயிர் நமக்குப் புதிதே இல்லை. டப்பாவும் பெயரும்தான் புதிது.

நீங்களும் செய்து பாருங்கள். எப்படி வந்தது என்று ஒன்பதாம் வகுப்புக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். கொஞ்சம் கொண்டுவந்து காட்டினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி