லென்ஸ் போட்டபடியே தூங்குறீங்களா? கருவிழி செல்களுக்கு என்ன ஆகும்?

2024 ஜூலையில் டெல்லி நிகழ்ச்சி ஒன்றுக்காக கான்டாக்ட் லென்ஸ் அணிந்த நடிகை ஜாஸ்மின் பசினுக்கு, சிறிது நேரத்திலேயே கண் எரிச்சல் தொடங்கி பார்வை மங்கியது. ‘வானம்’ படத்தில் சிம்புவுடன் நடித்தவர் இவர். கருவிழி பாதிக்கப்பட்டதாகக் கூறிய மருத்துவர்கள் கண்களுக்குக் கட்டுப்போட்டனர்.

உளுந்தூர்பேட்டை பக்கம் கல்யாண ரிசப்ஷனோ, கூவாகம் சித்திரைத் திருவிழாவோ, கலர் லென்ஸ் போட ஆசைப்படுபவர்கள் இதைத் தெரிஞ்சுக்கணும்.

கருவிழி எப்படி சுவாசிக்கிறது?

கருவிழியில் ரத்தக் குழாய்கள் இல்லை. அதன் மேல்புற செல்களுக்கு ஆக்சிஜன் காற்றிலிருந்து, கண்ணீரில் கரைந்துதான் வருகிறது. 5 முதல் 7 அடுக்கு கொண்ட இந்த செல்கள்தான் கிருமிகளைத் தடுக்கும் காவல் சுவர். பழைய செல்கள் உதிர்ந்து, 7 முதல் 10 நாட்களில் மொத்த அடுக்கும் புதுசாகிவிடும்.

லென்ஸ் போட்டால் என்ன மாற்றம்?

லென்ஸ் ஆக்சிஜன் வரத்தைக் குறைப்பதால் புதிய செல்கள் உருவாகும் வேகம் குறைகிறது. பழைய செல்களும் சீக்கிரம் உதிர்வதில்லை. சுவர் பலவீனமாகி, ‘சூடோமோனாஸ்’ போன்ற பாக்டீரியாக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன.

தூங்கும்போது ஏன் ஆபத்து அதிகம்?

கண்ணை மூடினாலே கருவிழிக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சுமார் மூன்றில் ஒரு பங்காகிவிடும். இமைக்காததால் கண்ணீரும் கிருமிகளைக் கழுவாது. இதோடு லென்ஸும் இருந்தால் தொற்று அபாயம் பல மடங்கு கூடும்.

அப்போ போடவே கூடாதா?

தாராளமா போடலாம். ஆனால்:

• மருத்துவர் அளவெடுத்துத் தந்ததை மட்டும் போடுங்க. கலர் லென்ஸுக்கும் இதே விதிதான்.
• ஆக்சிஜனை அதிகம் விடும் ‘சிலிகான் ஹைட்ரோஜெல்’ வகை பற்றிக் கேளுங்க.
• போர் தண்ணீர், குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவாதீங்க. ‘அகாந்தமீபா’ என்ற நுண்ணுயிரி தண்ணீர் வழியாக வரலாம்.
• ஒருவர் போட்ட லென்ஸை இன்னொருவர் போடக்கூடாது.
• தூங்கும் முன், குளிக்கும் முன் கழற்றிடுங்க.

எப்போது மருத்துவமனைக்கு ஓடணும்?

வலி, சிவப்பு, வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், மங்கல் பார்வை - இதில் ஒன்று இருந்தாலும் உடனே லென்ஸைக் கழற்றி, அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்க. லென்ஸையும் அதன் டப்பாவையும் கையோடு எடுத்துட்டுப் போங்க, பரிசோதனைக்கு உதவும். மெடிக்கல் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டால், பூஞ்சைத் தொற்று இன்னும் மோசமாகும்.

மேல்புற செல்களில் ஏற்படும் சிறு கீறல் சில நாட்களில் தானாக ஆறும். புண் ஆழமாகிவிட்டால், ஆறினாலும் தழும்பு தங்கி பார்வையை மறைக்கும்.