மூணும் அஞ்சும் அஞ்சு!

பி.காம். படித்தவன் நான். மூணும் அஞ்சும் எட்டு என்று சத்தியம் பண்ணுவேன். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் பல ஆயிரம் பேர் எழுதும் ஒரு கணக்கில் விடை அஞ்சுதான்!

பறவைக் கணக்கு ஸார் அது. பனி மாதங்களில் கொல்லையில் சூரியகாந்தி விதையைத் தொங்கவிட்டு, தின்ன வரும் பறவைகளை ஜன்னல் வழியாக எண்ணி அனுப்புகிறார்கள். 1976-ல் ஒன்டாரியோவில் ஆரம்பித்தது. 1987-ல் கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகமும் சேர்ந்துகொள்ள, 'ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச்' ஆனது. சம்பளமா? மூச்!

அடுத்தடுத்து இரண்டு நாள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இனத்திலும் 'ஒரே சமயத்தில்' கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். காலையில் 3, மாலையில் 5 என்றால் 5-தான். காலையில் தின்றதே மாலையிலும் வந்திருக்குமே! (ஒரே டாக்ஸி பில்லை ரெண்டு தடவை க்ளெய்ம் பண்ணும் ஆபீஸ் பிரகஸ்பதிகள் கவனிக்க.)

வேலையற்ற வேலையா? 1994-ல் வாஷிங்டன் பக்கம் 'ஹவுஸ் ஃபிஞ்ச்' என்ற சிறு பறவைகள் கண் வீங்கி, பார்வை மங்கி வந்தன. ஒரு கிருமியின் வேலை. அது ஊர் ஊராகப் பரவியதையும், கிழக்குப் பகுதியில் அந்த இனம் பெருமளவு குறைந்ததையும் கண்டுபிடிக்க இந்த ஜன்னலோரக் கணக்கப்பிள்ளைகள் பெரிதும் உதவினார்கள்.

ஒரு பறவைகூட வரவில்லையா? அதையும் எழுதணும். குறைகிறது என்று முதலில் சொல்வதே அந்த முட்டைதானே! பாலன்ஸ் ஷீட்டில் முட்டை வந்தால் மறைக்கத்தான் ஆள் தேடுவார்கள். இங்கே மறைத்தால் பறவைக்கு நஷ்டம்.