யூ.எஸ்.பி சீரியல் அடாப்டர்

யூ.எஸ்.பி சீரியல் அடாப்டர் என்பது, சீரியல் முறையில் தகவல் அனுப்பும் சிறு மின்னணுக் கருவிகளைக் கணினியின் யூ.எஸ்.பி துளை வழியாக இணைக்க உதவும் துணைக்கருவி ஆகும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகள், நுண்கட்டுப்படுத்திப் பலகைகள், ரவுட்டர்கள், ஜி.பி.எஸ் கருவிகள், பழைய ஆய்வகக் கருவிகள் ஆகியவை இவ்வாறு இணைக்கப்படுகின்றன. திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு கருவி இயங்காமல் நின்றுவிட்டால், அதற்குள் என்ன நடக்கிறது என்பதை அறியப் பல நேரங்களில் இதுவே எளிய வழி.

பின்னணி

ஆர்.எஸ்-232 என்னும் சீரியல் தரநிலை 1960இல் அமெரிக்காவில் வெளியானது. பின்னாளில் மேசைக் கணினிகளின் பின்புறம் இருந்த ஒன்பது முனைத் துளை இந்தத் தரநிலையைச் சேர்ந்ததே. 1996இல் யூ.எஸ்.பி வந்த பின் அந்தத் துளை படிப்படியாக மறைந்தது. ஆனால் கருவிகளின் உள்ளே சீரியல் முறை மறையவில்லை. இரண்டு தகவல் கம்பிகளும் ஒரு கிரவுண்ட் கம்பியும் இருந்தால் அதற்குப் போதும்.

யூ.எஸ்.பி கருவி ஒன்றைச் செருகியவுடன், தன் தயாரிப்பாளர் எண், வகை எண், தனக்குத் தேவையான மின்னோட்டம் ஆகியவற்றை அது கணினிக்குத் தெரிவித்துவிடும். சீரியல் இணைப்பில் இத்தகைய அறிமுகம் கிடையாது. மின்னழுத்தம் எவ்வளவு, வேகம் என்ன, எந்தக் கம்பி அனுப்புவது, எது பெறுவது என்று ஒரு முனை மறுமுனையிடம் கேட்பதில்லை. இவற்றைப் பொருத்தி வைப்பது இணைப்பவரின் பொறுப்பு. அடாப்டரைப் பயன்படுத்தும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டால் வருபவையே.

மின்னழுத்தம்

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஏனெனில் மற்றவை தவறினால் தகவல் வராது, அவ்வளவே. இது தவறினால் கருவியே பழுதாகிவிடும்.

சீரியல் அடாப்டர்களில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்பது முனைச் செருகி கொண்டவை ஆர்.எஸ்-232 வகை. இதில் 1 என்பதை எதிர் மின்னழுத்தமும் 0 என்பதை நேர் மின்னழுத்தமும் குறிக்கும். அனுப்பும் முனையில் இது 5 முதல் 15 வோல்ட் வரை இருக்கலாம். தனித்தனிக் கம்பிகளோ ஊசி முனைகளோ கொண்டவை டி.டி.எல் வகை. இதில் 0 என்பது சுழிய வோல்ட்டுக்கு அருகில் இருக்கும். 1 என்பது 5 வோல்ட்டாகவோ 3.3 வோல்ட்டாகவோ இருக்கும். ஆர்.எஸ்-232 அடாப்டரை நுண்கட்டுப்படுத்தியுடன் நேராக இணைப்பது ஆபத்தானது. இடையில் மேக்ஸ்232 போன்ற மாற்றிச் சில்லு வேண்டும்.

5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதது என்பதால் இன்னும் ஏமாற்றும். ராஸ்பெரி பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை. 5 வோல்ட் அடாப்டரும் அதே கம்பிகளுடன் அதே முனைகளில் கச்சிதமாகப் பொருந்திவிடும். சில மலிவான அடாப்டர்களில் 5, 3.3 என்று குறித்த மாற்றி ஒன்று இருக்கும். அது மின்வழங்கு முனையை மட்டும் மாற்றிவிட்டு, தகவல் முனையை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. எனவே அச்சிட்ட எழுத்தை நம்புவதைவிட அளந்து பார்ப்பதே மேல். டி.டி.எல் இணைப்பில் எதுவும் அனுப்பப்படாத நேரத்தில் அனுப்பும் முனை 1 என்ற நிலையிலேயே நிற்கும். அடாப்டரைக் கணினியில் மட்டும் செருகி, டி.எக்ஸ் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் உண்மையான அளவு தெரிந்துவிடும். எதிர் மின்னழுத்தம் காட்டினால் அது ஆர்.எஸ்-232.

கையில் 5 வோல்ட் அடாப்டர் மட்டுமே இருந்தால் இரண்டு மின்தடைகள் உதவும். அடாப்டரின் டி.எக்ஸ் முனையிலிருந்து 1 கிலோ ஓம் வழியாகக் கருவியின் ஆர்.எக்ஸ் முனைக்கு இணைத்து, அந்த ஆர்.எக்ஸ் முனையிலிருந்து 2 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கு இணைத்தால், 5 வோல்ட் ஏறத்தாழ 3.3 வோல்ட்டாகக் குறையும்.

கம்பிகள்

ஒருவர் வாய் மற்றவர் காதுக்கு எதிரே இருக்க வேண்டும். ஆகவே அடாப்டரின் டி.எக்ஸ் கருவியின் ஆர்.எக்ஸுக்கும், அடாப்டரின் ஆர்.எக்ஸ் கருவியின் டி.எக்ஸுக்கும் செல்லும். கிரவுண்ட் இரண்டுக்கும் பொது. இதை விட்டுவிட்டால் மின்னழுத்தத்தை எதனோடு ஒப்பிடுவது என்பதே இல்லாமல் போகும். ராஸ்பெரி பையில் 6ஆம் முனை கிரவுண்ட், 8ஆம் முனை டி.எக்ஸ், 10ஆம் முனை ஆர்.எக்ஸ். கருவிக்குத் தனி மின்வழங்கல் இருக்கும்போது அடாப்டரின் மின்வழங்கு கம்பியை இணைக்காமல் விடுவதே நல்லது.

வேகம்

இரு முனைகளும் ஒரே வேகத்தில் இயங்க வேண்டும். 9600, 115200 ஆகியவை மிகுதியாகப் பயன்படுபவை. ஒரு பைட்டின் 8 பிட்டுகளோடு தொடக்க பிட் ஒன்றும் முடிவு பிட் ஒன்றும் சேர்வதால், 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள் செல்லும். வேகம் பொருந்தாவிட்டால் திரையில் பொருளற்ற குறிகள் தோன்றும். இதைக் கண்டு சோர்வடைய வேண்டியதில்லை. கருவியிலிருந்து ஏதோ வருகிறது என்பதற்கு அதுவே சான்று. பெரும்பாலும் வேகத்தை மாற்றினால் போதும். இ.எஸ்.பி8266 சில்லு தொடங்கும்போது 74880 என்ற வழக்கத்துக்கு மாறான வேகத்தில் செய்தி அனுப்புவதால், அதன் முதல் வரிகள் பலருக்கும் குப்பையாகவே தெரிகின்றன. திரையில் எதுவுமே வராவிட்டால், டி.எக்ஸும் ஆர்.எக்ஸும் இடம் மாறியுள்ளனவா, கிரவுண்ட் இணைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

சில்லும் இயக்கியும்

அடாப்டருக்குள் இருக்கும் சில்லுக்கு ஏற்ற இயக்கி மென்பொருள் கணினியில் வேண்டும். ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ நிறுவனத்தின் எஃப்.டி232, தைவானின் புரோலிஃபிக் நிறுவனத்தின் பி.எல்2303, அமெரிக்காவின் சிலிக்கான் லேப்ஸ் நிறுவனத்தின் சி.பி2102, சீனாவின் சி.எச்340 ஆகியவை பரவலானவை. இவற்றில் சிலவற்றுக்குப் போலிகளும் உண்டு. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்.டி.டி.ஐ இயக்கி, போலிச் சில்லுகளின் வகை எண்ணைச் சுழியமாக மாற்றிவிட்டது. அதன்பின் கணினி அவற்றை அடையாளம் காணவில்லை. எதிர்ப்பு எழவே அந்த இயக்கி திரும்பப் பெறப்பட்டது. போலியைத் தடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு; ஆனால் போலி என்று தெரியாமல் வாங்கியவரின் கருவியை முடக்கியது நியாயமான வழி அல்ல.

அடாப்டர் நல்ல நிலையில் உள்ளதா என்று அறிய வேறு கருவி தேவையில்லை. அதன் டி.எக்ஸ், ஆர்.எக்ஸ் முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, புட்டி அல்லது மினிகாம் மென்பொருளில் தட்டச்சு செய்தால், தட்டிய எழுத்துகள் திரும்பி வந்து திரையில் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் ஃப்ளோ கண்ட்ரோல் என்ற அமைப்பை நிறுத்திவிட்டு மீண்டும் முயலலாம். மூன்று கம்பி இணைப்பில் அது தேவைப்படுவதில்லை. லினக்ஸில் அனுமதி இல்லை என்ற செய்தி வந்தால், உபுண்டு போன்ற வெளியீடுகளில் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.