மனு எழுதுகிறவர் கேட்கும் நாலு கேள்வி

திங்கள்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். மனு எழுதிக் கொடுப்பவர்களுக்குக் கைநிறைய வேலை. அட்டையில் கிளிப் மாட்டிய முழுநீளத் தாளில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஆரம்பம் எப்போதும் ஒன்றுதான். எதிரே இருக்கும் அம்மா, பட்டாசு ஆலை வெடிவிபத்தில் மகனை இழந்ததில் தொடங்கி மருமகள் வீட்டுத் தகராறு வரை போவார். எழுதுகிறவர் கேட்டு வாங்குவது நாலே நாலு: விபத்துத் தேதி, ஆலை இருக்கும் கிராமம், மகனின் வயது, வாரக் கூலி. மற்றதெல்லாம் ‘மிகுந்த சிரமத்தில் இருக்கிறேன்’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடும்.

ஈரமில்லாத மனுஷன் என்று நினைக்க வேண்டாம். இழப்பீட்டுச் சட்டம் போட்ட கணக்கு அப்படி. ஈ.எஸ்.ஐ.யில் சேராத தொழிலாளி வேலையில் இறந்தால், மாதக் கூலியில் பாதியை வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. கூலி 12,000 என்றால் 11,05,020 ரூபாய். கூலியில் ஆயிரம் குறைத்து எழுதியிருந்தால் 92,085 ரூபாய் போச்சு!

கூலியை எழுதுவது யார்? ஆலைக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை. பீஸ் ரேட் வேலையில் ஆளுக்கு எவ்வளவு ஓடியது என்பது அவர் நோட்டில்தான் இருக்கும். என்னைக் கேட்டால், இந்த வட்டாரத்தில் மிகவும் கனமான எழுத்து அதுதான். உள்குத்தகை நுழைந்தால் அதுவும் குழம்பிவிடும். லைசென்ஸ் ஒருவர் பெயரில், வேலை வாங்குவது இன்னொருவர். யார் பேர் எந்த நோட்டில் என்று சொல்ல முடியாது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் வெடித்து 20 பேருக்கு மேல் மாண்ட ஆலையும் உள்குத்தகைக்குப் போனதுதான். நாட்டுக்கே டைரியும் கணக்கு நோட்டும் அச்சடித்து அனுப்புகிற சிவகாசிப் பக்கத்தில் இந்தக் கூத்து.

நோட்டில் பேர் இல்லாதபோது மனுதான் முதல் எழுத்து. அதை எழுதியவர் பேர் மட்டும் அதில் இராது. பத்திர எழுத்தருக்கு 1982 விதிகளின்படி உரிமம் உண்டு, பத்திரத்தின் அடியில் கையெழுத்தும் உண்டு. மனு எழுதுகிறவருக்கு அது எதுவும் கிடையாது.

ஆனாலும் விவரம் தெரிந்தவர் தாளை நீட்டும்போதே சொல்லிவிடுவார்: “கலெக்டருக்குப் போட்டா மட்டும் ஆகாது தாயி. லேபர் ஆபீசுல தனியாப் போடணும். ரெண்டு வருசம் கெடு. ஜெராக்ஸ் ஒண்ணு வச்சுக்கங்க.”