புல்லை அகற்றி மீட்ட மைதானம்

2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள பைன்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில், உலகப் புகழ்பெற்ற ஒரு கோல்ஃப் மைதானத்தின் பசும்புல்லை இயந்திரங்கள் சுரண்டி எடுக்கத் தொடங்கின. அந்தப் புல்லில் நோய் எதுவும் இல்லை, நன்றாகவே வளர்ந்திருந்தது. அமெரிக்க ஓப்பன் போட்டியின் ஆடவர் பிரிவும் மகளிர் பிரிவும் 2014இல் அடுத்தடுத்த வாரங்களில் அங்கே நடைபெறும் என்ற அறிவிப்பும் முன்னரே வெளியாகியிருந்தது. அப்படிப்பட்ட வேளையில், பல ஆண்டுகள் செலவு செய்து வளர்த்த பசுமையை உரிமையாளர்கள் ஏன் தாமே பெயர்த்தெறிந்தனர்? இதற்கு விடை காண, அந்த மைதானம் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

சோடா நீர் இயந்திரத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய பாஸ்டன் நகர வணிகர் ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ், உடல் தேற வருவோருக்காக ஓர் உறைவிடம் அமைக்க விரும்பி, 1895இல் அங்கே 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார். பைன் மரங்கள் வெட்டித் தீர்க்கப்பட்ட மணற்காடு அது. விலை ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு டாலர். ஊருக்கு வந்த விருந்தினர்களோ கோல்ஃப் ஆட இடம் கேட்டனர். 1900இல் டானல்ட் ராஸ் என்ற இளைஞர் அங்கே பணிக்கு வந்து சேர்ந்தார். அவர் ஸ்காட்லாந்தின் டோர்னோக் என்ற கடலோர ஊரில் பிறந்து, அவ்வூர் மைதானத்தின் புல்தரையைப் பேணும் வேலையைக் கற்றுத் தேர்ந்தவர். மணலும் காற்றும் முரட்டுப் புல்லுமாக விரிந்த அந்நிலம் அவருக்குப் பழக்கமான ஒன்றாகவே இருந்தது.

'பைன்ஹர்ஸ்ட் எண் 2' என்று வழங்கும் மைதானம் 1907இல் 18 குழிகளுடன் முழுமை பெற்றது. ராஸ் பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான மைதானங்களை வடிவமைத்தார். ஆனால் தம் வீட்டை எண் 2 மைதானத்தின் மூன்றாவது குழிக்கு அருகிலேயே அமைத்துக்கொண்டு, 1948இல் மறையும்வரை அதைத் திருத்தியபடியே இருந்தார். 1930களின் நடுப்பகுதிவரை அங்கிருந்த 'கிரீன்'கள், அதாவது கொடி நட்ட குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான தரைகள், புல்லால் ஆனவை அல்ல. மணலைச் சமன்செய்து அமைத்தவை. பெயர்தான் பச்சை!

ராஸின் வடிவமைப்பைப் புரிந்துகொள்ள இந்த ஆட்டத்தைப் பற்றிய ஒரு செய்தி போதும். தொடக்க மேடையிலிருந்து பந்தை அடித்ததும் அது சென்று விழவேண்டிய, சீராக வெட்டப்பட்ட புற்பாதைக்கு ஃபேர்வே என்று பெயர். ராஸ் அதை மிக அகலமாக விட்டிருந்தார். அகலம் என்றால் எளிமை என்று எண்ணிவிடலாகாது. அவருடைய கிரீன்கள் கவிழ்த்து வைத்த தட்டைப் போல் நடுவில் உயர்ந்து, விளிம்புகளில் சரிந்திருப்பவை. தவறான கோணத்திலிருந்து அடித்த பந்து மேலே ஏறி, தயங்கி, மறுபக்கம் உருண்டுவிடும். ஆகவே ஃபேர்வேயின் எந்தப் பக்கத்தில் முதல் பந்தை நிறுத்துவது என்ற கணக்குதான் ஆட்டத்தின் உயிர். ஃபேர்வேக்கு அப்பால் ஓரத்தில் கிடந்தது திறந்த மணல். அதில் ஆங்காங்கே வயர்கிராஸ் எனப்படும், கம்பிபோல் விறைத்த காட்டுப்புல். அங்கே விழுந்த பந்து வெறும் மணலில் நன்றாகக் கிடக்கலாம். புற்கற்றையின் அடியில் சிக்கியும் கொள்ளலாம்.

இவை அனைத்தும் சிறிது சிறிதாக மறைந்தன. டஃப்ட்ஸ் குடும்பம் 1970இல் அந்த இடத்தை விற்றது. பின்னர் வந்த நிர்வாகத்தினர் கெட்ட எண்ணத்துடன் எதையும் செய்யவில்லை. தொலைக்காட்சியில் கண்ட பளிச்சிடும் பச்சையே நல்ல மைதானத்தின் அடையாளம் என்ற நம்பிக்கை அக்காலத்தில் நாடெங்கும் பரவியிருந்தது. மணற்பரப்பில் பெர்முடா புல் ஏறியது. அதை வளர்க்க நீர்க்குழாய்கள் பெருகின. பெரிய போட்டிகளுக்காக ஃபேர்வேகள் குறுக்கப்பட்டு, இருபுறமும் 'ரஃப்' என்னும் அடர்ந்த புல் வளர்க்கப்பட்டது. நேராக அடிப்பதைத் தவிர ஆட்டக்காரருக்கு வேறு வழி இல்லாமற்போனது. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே பார்த்தால் நியாயமானதுதான். கூட்டிப் பார்த்தபோதோ ராஸின் மைதானத்தைக் காணவில்லை.

மீட்புப் பணி பில் கூர், பென் கிரென்ஷா இருவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. கூர் வட கரோலினாவில் வளர்ந்தவர். சிறுவயதில் இதே மைதானத்தில் ஆடியவர். கிரென்ஷா இருமுறை மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற ஆட்டக்காரர். கோல்ஃப் வரலாற்றில் தோய்ந்தவர். அவர்களுக்கு எழுந்த முதல் சிக்கல், எந்த ஆண்டின் மைதானத்தை 'அசல்' என்று கொள்வது என்பதே. 1907ஆ? 1935ஆ? நாற்பது ஆண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தவரின் படைப்பில் இறுதிப் படி எது? மணல் கிரீன்களுக்குத் திரும்புவது இக்கால ஆட்டத்துக்கு இயலாது. ராஸ் உயிருடன் இருந்து, தம் பெருந்திருத்தங்களை முடித்துவிட்ட காலத்தையே அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர். அந்த முடிவு சரியானது என்றே தோன்றுகிறது.

அதற்குச் சான்றாக அமைந்தவை, ஊரிலுள்ள டஃப்ட்ஸ் ஆவணக் காப்பகத்தின் பழைய படங்களும், 1943இல் வானிலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படங்களும். ஃபேர்வேகளின் அகலம், வளைவு, மணற்குழிகளின் ஒழுங்கற்ற விளிம்பு ஆகிய அனைத்தும் அவற்றில் தெரிந்தன. இவற்றைவிட உறுதியான சான்று மண்ணுக்குள் கிடந்தது. ராஸின் காலத்தில் ஒவ்வொரு ஃபேர்வேயின் நடுவிலும் ஒரே வரிசையாக நீர்க்குழாய் பதித்திருந்தனர். அந்தக் குழாயின் தடத்தைப் பின்பற்றியதும், பழைய ஃபேர்வேயின் நடுக்கோடு தானே வெளிப்பட்டது. நீர் எட்டிய தொலைவுவரை புல். எட்டாத இடத்தில் அது வெளுத்து, சிதறி, மணலாகிவிடும். கரையை வரைந்தது நீரே.

ஓராண்டுக்கும் சற்று மேலாக நடந்த பணியில் சுமார் 35 ஏக்கர் புல் அகற்றப்பட்டது. நீர்தெளிப்பான்கள் ஏறத்தாழ 1,150இலிருந்து 450ஆகக் குறைந்தன. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வயர்கிராஸ் நாற்றுகள் கையால் நடப்பட்டன. ரஃப் என்பதே அங்கு இல்லாமற்போனது. நீர், உரம், புல்வெட்டும் உழைப்பு யாவும் குறைந்தன. எனினும் இயற்கையாக விட்ட நிலம் செலவே வைக்காது என்று கருதிவிடக் கூடாது. மணற்பரப்பில் முளைக்கும் களைகளுள் எதை விடுவது, எதைப் பிடுங்குவது என்று தெரிந்த ஆட்கள் அங்கே என்றும் தேவைப்படுகிறார்கள்.

தொடாமல் விட்டதும் ஒன்று உண்டு. பல ஆண்டுகளாக மேல்மண் தூவித் தூவி, கிரீன்களின் நடுமேடு ராஸ் விட்டதைவிட உயர்ந்துவிட்டது என்றொரு கருத்து நிலவுகிறது. ஆயினும் அந்தக் கவிழ்ந்த தட்டு வடிவமே மைதானத்தின் முகமாகிவிட்டது. வடிவமைப்பாளர்கள் அதைப் பெரிதும் அப்படியே விட்டுவைத்தனர். ஆவணத்துக்கு முழு விசுவாசம் வேண்டுமென்போர்க்கு இது குறையாகப் படலாம்.

2014 ஜூனில் உலகம் அந்த மைதானத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தது. பழுப்பு நிறத் திட்டுகளைக் கண்டு முகம் சுளித்தவர்கள் பலர். ரஃப் இல்லாவிட்டால் வீரர்கள் எண்ணிக்கையைக் குறைத்துக் குவித்துவிடுவார்கள் என்ற அச்சமும் இருந்தது. ஆடவர் பிரிவில் ஜெர்மனியின் மார்ட்டின் கைமர் எட்டு அடிகள் முன்னிலையில் வென்றார். அவரையன்றி இருவர் மட்டுமே நிர்ணய எண்ணிக்கைக்குக் கீழே முடித்தனர். மறுவாரம் மகளிர் பிரிவில் அவ்வாறு முடித்தவர், பட்டம் வென்ற மிஷேல் வீ ஒருவரே.

2024இல் அமெரிக்க ஓப்பன் அங்கே திரும்பவும் வந்து, பிரைசன் டிஷாம்போ வென்றார். 2029இல் ஆடவர், மகளிர் போட்டிகள் இரண்டும் அதே மணலில் மீண்டும் நடைபெற உள்ளன.