சொந்த மோட்டார் வண்டியும் எண்ணெய்ச் செலவும்

நிலமுள்ள குடியானவர்களில் அநேகர் இக்காலத்தில் சொந்தமாக மோட்டார் கார் வைத்திருக்கின்றனர். வயலைப் பார்த்து வரவும், விதையும் உரமும் வாங்கவும், பாங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கும் போய் வரவும் அதுவே வாகனமாயிருக்கிறது. உழவுக் கூலி, நடவுக் கூலி, அறுவடைக் கூலி யாவற்றையும் காசு பிசகாமல் எழுதி வைக்கும் மிராசுதார்கள் கூட, காருக்கு ஊற்றிய பெட்ரோலை வீட்டுச் செலவோடு சேர்த்து மறந்து விடுகிறார்கள். சாகுபடிச் செலவில் அது ஏறுவதில்லை. வருஷக் கடைசியில் நெல் விற்ற பணம் போன வழி தெரியாமல் திகைப்பவர்கள் இந்த வழியையும் ஒருமுறை பார்ப்பது நலம்.

ஒரு கிராமம் டவுனிலிருந்து 15 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதாகவும், அவ்வூர்க் குடியானவர் ஒருவரின் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுவதாகவும், கணக்கின் எளிமைக்காகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் வைத்துக் கொண்டால், ஒருமுறை டவுனுக்குப் போய் வர 2 லிட்டர், அதாவது 200 ரூபாய் ஆகிறது. வாரத்தில் மூன்று தடவை போகிறவர் இரண்டு தடவையாகக் குறைத்துக் கொண்டால் வருஷத்தில் 10,400 ரூபாய் மிஞ்சும். ஒரே ஒரு மூட்டை யூரியாவுக்காக அக்காரில் போய் வருபவர், 45 கிலோ மூட்டைக்கு மானிய விலையில் கொடுக்கும் சுமார் 270 ரூபாயோடு இன்னும் 200 ரூபாய் சேர்த்துக் கொடுத்தவராகிறார். கடையில் சரக்கு வந்திருக்கிறதா என்று டெலிபோனில் விசாரியாமல் புறப்பட்டு வெறுங்கையோடு திரும்புவோரும் உண்டு. அவர்கள் செலவழித்த 200 ரூபாய்க்கு ஈடாக ஒன்றும் கிடைப்பதில்லை.

ஆகையால் எண்ணெய்ச் சிக்கனத்துக்கு முதற் கருவி ஒரு சிறு நோட்டுப் புஸ்தகமே. அதைக் காரிலேயே வைத்துத் தேதி, மீட்டரில் காணும் கிலோமீட்டர், வாங்கிய லிட்டர் ஆகிய மூன்றையும் எழுதி வருதல் வேண்டும். நான்காவதாக, எக்காரியத்துக்காகப் போனது என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த நான்காவதைத்தான். மிகுந்த பயன் தருவதும் அதுவே. ஒரு மாதம் எழுதிப் பார்த்தால், ஒரே தெருவில் உள்ள பாங்கிக்கும் உரக் கடைக்கும் இரண்டு வேறு நாட்களில் போனது கண்ணுக்குத் தெரியும். சிட்டா நகல் முதலியவற்றை இப்பொழுது இன்டர்நெட் மூலமாகவே பெறலாமாதலால், அவற்றுக்கென்று வண்டி எடுக்க வேண்டியதில்லை. கையெழுத்துக்கும் சான்றுக்கும் வருவோருக்குக் கிராம அதிகாரிகள் வாரத்தில் இன்ன நாள் என்று குறிப்பிட்டு, அந்நாளில் தவறாமல் இருப்பார்களாயின் தங்களுக்கும் ஊராருக்கும் அலைச்சல் குறையும். ஒருவர் மட்டும் காகிதக் கட்டோடு போகவேண்டிய காரியத்துக்கு மோட்டார் சைக்கிளே போதும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் சைக்கிளில் மேற்சொன்ன பிரயாணம் 60 ரூபாயில் முடிந்துவிடும். அந்தஸ்து குறையும் என்பார்க்குச் சொல்லக் கூடியது ஒன்றுமில்லை.

வண்டி எவ்வளவு ஓடுகிறது என்பதை அறிய, தொட்டியை முழுவதும் நிரப்பி மீட்டரைக் குறித்துக் கொண்டு, மறுமுறை நிரப்பும்போது பிடித்த லிட்டரால் இடையில் ஓடிய தூரத்தை வகுத்தல் வேண்டும். ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்குமாக ஊற்றுகிறவர்களுக்கு இக்கணக்கு ஒருக்காலும் சரிவராது. இத்தொகை திடீரென்று குறையுமானால் வண்டியில் ஏதோ கோளாறு இருக்கிறதென்று கொள்ளலாம். பிரேக் சக்கரத்தை விடாமல் உரசுதலும், டயரில் காற்று இறங்குதலும் சாதாரணமாய்க் காணும் காரணங்கள்.

யந்திரத்தின் இயல்பையும் சிறிது அறிந்திருத்தல் நலம். பெட்ரோல் எரிந்து உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையில்தான் வேலையாக மாறுகிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக் குழாய் வழியாகவும் வீணாகிறது. யந்திரம் குளிர்ந்திருக்கும்போது நஷ்டம் இன்னும் அதிகம். மசகெண்ணெய் தடித்திருக்கும், பெட்ரோலும் அதிகமாகப் பாய்ச்சப்படும். வீட்டிலிருந்து 2 கிலோமீட்டரில் உள்ள வயலுக்குக் காரில் போய், அரைநாள் நிறுத்திவிட்டுத் திரும்புகிறவருடைய வண்டி இரு தடவையும் சூடேறுவதற்குள்ளாகவே ஓட்டம் முடிந்துவிடுகிறது. அத்தகைய வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுமென்று எதிர்பார்த்தல் கூடாது. அவ்வளவு தூரத்துக்கு மிதிவண்டியே தக்கது. வரப்பில் நடந்து போகிறவர் பயிரையும் நன்றாகப் பார்ப்பார்.

வேகத்தைப் பற்றி: காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் உள்ள தடை 80 கிலோமீட்டரில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிறது. 1978-ஆம் வருஷத்தில் இந்திய சர்க்காரால் ஏற்படுத்தப்பட்ட பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் கார்களுக்கு மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனமானது என்று பிரசாரம் செய்து வந்திருக்கின்றனர். எண்ணெய் தட்டுப்பட்ட காலங்களில் பெரிய தேசங்களும் இவ்வழியைப் பின்பற்றியதுண்டு. 1973-ஆம் வருஷத்தில் அரபு தேசங்கள் எண்ணெய் ஏற்றுமதியைச் சுருக்கியபின், அமெரிக்கா 1974-இல் நாடெங்கும் மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓட்டலாகாதென்று சட்டம் செய்தது. நம் நாட்டில் இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941 முதல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அக்காலத்தில் மதராஸ் மாகாணத்துப் பஸ்கள் பின்புறத்தில் கரி உலையைக் கட்டிக்கொண்டு கரிவாயுவால் ஓடின. பெட்ரோலில் ஓடும்போதிருந்த பலம் அவற்றுக்கு இராது, ஏற்றங்களில் திணறும்.

டயரில் காற்றுக் குறைந்தால் சக்கரம் தரையில் அமுங்கி உருளும். சகதி வயலில் பார வண்டி இழுக்கும் மாடு எவ்வளவு சிரமப்படுமோ அவ்விதமே யந்திரமும் சிரமப்படும்; டயரும் ஓரங்களில் தேயும். காற்றின் அளவை மாதம் ஒருமுறையாவது, காலையில் வண்டி ஓடுமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். அளவு பெரும்பாலும் டிரைவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். மேலே கட்டிய சாமான் சட்டத்தைத் தேவையில்லாத காலத்தில் கழற்றி விடுவதும், பின்பெட்டியில் மாதக்கணக்காய்க் கிடக்கும் பம்பு உதிரிகளையும் விதை மூட்டையையும் இறக்கி விடுவதும் உதவும். நெல் எடைபோடும் இடத்தில் முறை வரும் வரையில் யந்திரத்தை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தால், சாதாரணக் காரில் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரையில் வீணாகும்.

சிலர் இறக்கத்தில் யந்திரத்தை நிறுத்தியோ கியரை விலக்கியோ வண்டியைத் தானே உருளவிட்டு எண்ணெய் மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறார்கள். இது மிகவும் அபாயகரமான வழக்கம். யந்திரம் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அது தரும் துணைபலம் போய்விடும். இதில் லாபமும் இல்லை. இக்காலத்துக் கார்களில் கியரில் இருக்கும்போதே ஆக்சிலேட்டரை விட்டால் எண்ணெய்ப் பாய்ச்சல் தானாகவே நின்றுவிடுகிறது.

எண்ணெயைப் பாதியாக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் காந்தங்கள், மாத்திரைகள் முதலியவற்றுக்குக் குடியானவர்கள் பணம் கொடுக்க வேண்டாம். அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவினர் இத்தகைய நூற்றுக்கு மேற்பட்ட சாதனங்களைப் பரீட்சித்ததில், மிகச் சிலவே அற்பப் பயன் தந்தன.

கடைசியாக, 2025-ஆம் வருஷத்தில் நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் நிலை எட்டப்பட்டது. கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடுவோருக்கு இது ஒரு சந்தையானபடியால் அவர்களுக்கு நல்ல செய்தியே. ஆனால் எத்தனாலில் ஒரு லிட்டருக்குள்ள உஷ்ணசக்தி பெட்ரோலினுடையதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே புதுக் கலப்பால் லிட்டருக்கு ஓடும் தூரம் சற்றுக் குறைவதைக் கண்டு மெக்கானிக்கிடம் ஓட வேண்டியதில்லை. பழைய வண்டி உடையவர்கள், தங்கள் வண்டியிலுள்ள ரப்பர்க் குழாய்கள் இக்கலப்பைத் தாங்குமா என்பதைக் கம்பெனியாரிடம் விசாரித்தறிதல் வேண்டும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்குமாதலால், மழைக்காலத்தில் கொட்டகையில் மாதக்கணக்காய் நிற்கும் வண்டியில் இக்கலப்புப் பெட்ரோலை நெடுநாள் தேங்கவிடாமல், வாரத்துக்கொருமுறையாவது நல்ல தூரம் ஓட்டி வருதல் நலம்.