ஆள் இல்லாதபோது அணையத் தெரிந்த கணினி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் அது மறுபடியும் சனி, ஞாயிறு ஆனது. பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் வாரத்தை மாற்றிப் போட்டுக்கொண்டன. அதிகம் பேசப்படாத இன்னொரு திருத்தமும் உண்டு. அலுவலகக் கணினிகளைக் கிளவுடில் வாடகைக்கு எடுத்து ஓட்டும் நிறுவனங்கள், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எத்தனை கணினி விழிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது வழக்கம். விடுமுறை மாறியபின் அந்த அட்டவணையைத் திருத்தாமல் விட்டால் வெள்ளிக்கிழமை காலையில் ஊழியர்கள் திரைமுன் காத்துக் கிடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத கணினிகள் நாள் முழுக்க ஓடி, மாதக் கடைசியில் பில்லாக வந்து நிற்கும்.

கிளவுட் டெஸ்க்டாப் மேலாண்மை மென்பொருள்களில் அண்மைக் காலத்தில் சேர்ந்த வசதிகளில் பல, இந்தக் கேள்வியைச் சுற்றியே பிறந்தவை: கணினி எப்போது ஓட வேண்டும், எப்போது ஓடக் கூடாது?

மேசையில் திரை, வேறெங்கோ கணினி

மெய்நிகர் டெஸ்க்டாப்பில் விண்டோஸும் மென்பொருள்களும் கோப்புகளும் தரவு மையத்தில் இருக்கும். மேசைக்கு வருவது திரையின் படம் மட்டும்தான். நாம் தட்டும் எழுத்தும் மவுஸின் அசைவும் இங்கிருந்து அங்கே போகும். இந்த ஏற்பாடு புதிதல்ல. சிட்ரிக்ஸ் நிறுவனம் 1995லேயே வின்ஃப்ரேம் என்ற பெயரில் இதற்கு வழி செய்தது. அதைக் கிளவுடுக்குக் கொண்டுபோய் அமேசான் 2014இல் வொர்க்ஸ்பேசஸ் சேவையைத் திறந்தது. மைக்ரோசாஃப்டின் அஸூர் வெர்சுவல் டெஸ்க்டாப் 2019 செப்டம்பரில் வேறு பெயரில் வந்தது. மாதச் சந்தா முறையிலான விண்டோஸ் 365, 2021 ஆகஸ்டில். விஎம்வேரின் ஹொரைசன் 2024இல் கைமாறி, இப்போது ஆம்னிஸா என்ற பெயரில் நடக்கிறது.

ஜொகூர்க்காரர்களுக்கு இதன் அருமை உறைத்தது 2020 மார்ச் 18க்குப் பிறகு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் சிங்கப்பூரோடு இணைக்கும் பாலம் வெறிச்சோடியது. அன்றாடம் சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்களில் பலருக்கு அலுவலகக் கணினி அந்தக் கரையிலும் வீடு இந்தக் கரையிலுமாகப் போனது. கணினியை மேசையிலிருந்து பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும் என்று அப்போது பல நிறுவனங்களுக்குப் புரிந்தது. ஆனால் வாடகைக்கு எடுப்பது சுலபம், நிர்வகிப்பதுதான் வேலை என்பது பில் வந்த பிறகே தெரியும்.

எழுபது சதவீதம் வெறும் நேரம்

ஸ்கூடாயில் இருபது பேர் வேலை செய்யும் ஒரு கணக்காய்வு அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அஸூரில் ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ள முடியும். ஆளுக்கு ஒன்று தேவையில்லை. ஒன்றுக்கு ஐந்து பேர் என்றால் நான்கு போதும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஐந்து நாள், தினம் பத்து மணி நேரம் வேலை பார்த்தாலும் 50 மணி நேரம்தான். மிச்சம் 118 மணி நேரம், அதாவது வாரத்தில் 70 சதவீதம், நான்கு கணினிகளும் யாருக்கும் பயனில்லாமல் ஓடுகின்றன.

ஆட்டோஸ்கேல் என்ற வசதி இதற்காக வந்தது. நிர்வாகி ஒரு நாளை நான்காகப் பிரித்துக் கொடுக்கிறார்: ஆட்கள் வந்து சேரும் காலை, உச்ச நேரம், கிளம்பும் மாலை, இரவு. ஒவ்வொன்றிலும் குறைந்தது எத்தனை கணினி விழித்திருக்க வேண்டும், எத்தனை சதவீதம் நிரம்பினால் அடுத்ததை எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டால் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஆட்களைப் பிரித்துக் கொடுப்பதிலும் இரண்டு முறை உண்டு. காலையில் எல்லாக் கணினிக்கும் சமமாகப் பரப்பலாம்; வேகம் கிடைக்கும். மாலையில் ஒன்றை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பாலம் கடக்கும் பஸ்ஸை நிரப்பிய பிறகே அடுத்த பஸ்ஸைக் கிளப்புவதுபோல. காலியானது தானாக அணையும். வேலை முடிந்தும் வெளியேற மறந்தவருக்கு எச்சரிக்கை காட்டி, கொடுத்த கெடு முடிந்ததும் வெளியேற்றவும் முடியும்.

அட்டவணைக்குக் கிழமை தெரியும், பண்டிகை தெரியாது. தீபாவளி செவ்வாய்க்கிழமை வந்தால் அதைச் சாதாரண வேலை நாளாகவே எடுத்துக்கொள்ளும். இதற்கு மாற்று, காலை நேரத்தின் குறைந்தபட்ச எண்ணிக்கையைப் பூஜ்யமாக வைத்து, முதல் ஆள் நுழையும்போது கணினி விழிக்கும்படி செய்வது. அந்த முதல் ஆள் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆனால் யாரும் வராத நாளில் எதுவும் ஓடாது.

அணைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விண்டோஸுக்குள் போய் ஷட்டவுன் கொடுத்தால் கணினி நின்றுவிடும், கட்டணம் நிற்காது. அந்த இடம் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. மேலாண்மைத் தளத்தின் வழியாக விடுவித்தால்தான் மணிக்கணக்குக் கட்டணம் நிற்கும். அப்போதும் வட்டில் இருக்கும் தரவுக்குச் சேமிப்புக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் பில்லைப் பார்த்துத் திகைப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ஷிப்டுக்கு ஒரு கணினி

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு விண்டோஸ் 365 இருக்கிறது. ஆளுக்கு ஒரு கிளவுட் கணினி, மாதத்துக்கு ஒரே தொகை; ஓடினாலும் ஓடாவிட்டாலும் கணக்கு அதேதான். பாசீர் கூடாங் தொழிற்சாலையிலோ தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்திலோ மூன்று ஷிப்டு நடக்கும் அலுவலகத்துக்கு இது கட்டுப்படியாகாது. அதற்காகவே ஃப்ரண்ட்லைன் என்ற உரிமம் வந்தது. ஒரே உரிமத்தில் மூன்று பேருக்குத் தனித்தனிக் கணினி கிடைக்கும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நுழையலாம். காலை ஷிப்டு வெளியேறினால்தான் மாலை ஷிப்டுக்கு இடம்.

2025இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் 365 லிங்க் என்ற சிறு பெட்டியின் அமெரிக்க விலை அப்போது 349 டாலர். அதில் கோப்பு எதுவும் தங்காது, மென்பொருள் எதையும் நிறுவ முடியாது. திரையையும் கிளவுடையும் இணைப்பது மட்டுமே அதன் வேலை. திருடு போனாலும் அதற்குள் அலுவலக இரகசியம் இருக்காது.

திரையைப் படம் பிடித்தால்?

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, 2025 ஜூன் முதல் கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்களை வைத்திருக்கும் சின்ன அலுவலகத்துக்கும் இது கவலைதான்.

இங்கே இரண்டு வசதிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ திரையைப் பகிர்ந்தாலோ அந்தப் பகுதியைக் கறுப்பாக்கிவிடும். ஆனால் கைப்பேசியை நீட்டித் திரையைப் படமெடுப்பவரை எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது. அதனால் இரண்டாவது வசதி, திரை முழுக்க மங்கலான கியூஆர் குறிகளைப் பரப்புகிறது. கசிந்த படம் எங்காவது தென்பட்டால், அந்தக் குறியைப் படித்து எந்த இணைப்பில் எடுத்தது என்று நிர்வாகி கண்டுபிடிக்கலாம். இது தெரிந்திருந்தால் படமெடுக்கப் போகிறவரும் கொஞ்சம் யோசிப்பார்.

எல்லாம் ஓரிடத்தில் இருப்பதன் ஆபத்து

ஓரிடத்தில் இருந்து நிர்வகித்தால் தவறும் அதே வேகத்தில் எல்லா இடத்துக்கும் போகும். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரு பிழையான அப்டேட், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அதன் பின்னணியில் பார்த்தால், அப்டேட்டை முதலில் ஒரே ஒரு கணினியில் போட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் தொகுதி தொகுதியாக மற்றவற்றுக்குப் போகும் புதிய வசதியின் மதிப்பு தெரியும். விண்டோஸ் 365இல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைகூடக் கணினியின் நிலையைப் பதிந்து வைக்கலாம். கெட்டுப்போனால் அந்த நேரத்துக்குத் திரும்பலாம். இடைப்பட்ட நேரத்தில் அந்தக் கணினியிலேயே சேமித்தது போய்விடும் என்பதால் கோப்புகளைத் தனியாக வைப்பது நல்லது.

இணையமே போய்விட்டால் இவை எதுவும் உதவாது. இரண்டாவது இணைப்பு ஒன்று கைவசம் இல்லாத அலுவலகம் முழுமையாகக் கிளவுடுக்குப் போவது புத்திசாலித்தனம் ஆகாது.

தண்ணீர்க் கணக்கு

கணினி எப்போது ஓட வேண்டும் என்ற கேள்வியை ஜொகூரில் மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக எடைபோட வேண்டும். சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களை நிறுத்தி வைத்தபோது முதலீடு பாலம் தாண்டி இங்கே வந்தது. செடேனாக், கூலாய், இஸ்கண்டார் புத்ரி என வரிசையாகத் தரவு மையங்கள். கூலாயில் சில, பழைய செம்பனைத் தோட்ட நிலத்தில் எழுந்தவை. அமேசான் 2024 ஆகஸ்டிலும் மைக்ரோசாஃப்ட் 2025 மேயிலும் மலேசியாவுக்கான கிளவுட் வட்டாரங்களைத் திறந்தன; ஜொகூர் பாருவிலும் ஒன்று வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது.

1962 ஒப்பந்தப்படி 2061 வரை தினம் 25 கோடி கேலன் வரை ஆற்று நீரைச் சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளும் மாநிலம் இது. தரவு மையம் மின்சாரத்தோடு தண்ணீரையும் கேட்கும். 2024 ஜூனில் அமைந்த மாநிலக் குழு, முதல் சில மாதங்களிலேயே தரவு மைய விண்ணப்பங்களில் சுமார் 30 சதவீதத்தைத் தள்ளுபடி செய்தது. தண்ணீரை அதிகம் குடிக்கும் வகை மையங்களுக்கு இனி அனுமதி இல்லை என்று 2025இல் மாநில அரசு சொல்லிவிட்டது.

ஓர் அலுவலகம் தன் மெய்நிகர் கணினியை விடுவிப்பதால் அடியில் இருக்கும் சர்வர் உடனே அணைந்துவிடாது. அந்த இடம் வேறொருவருக்குப் போகும். பலரும் அப்படி விடுவித்தால், இருக்கும் சர்வர்களே அதிகம் பேருக்குப் போதும். புதிய கட்டடத்தின் தேவை கொஞ்சம் தள்ளிப்போகும். மின்கட்டணமோ நீர்க்கொள்கையோ நம் கையில் இல்லை. அணைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

ஆகவே கிளவுட் டெஸ்க்டாப் விற்க வருபவரிடம் புதிய வசதிகளின் பட்டியலைக் கேட்பதைவிட மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அட்டவணையை யார் எழுதுவார், யார் திருத்துவார்? கணினி நின்றபின் எந்தெந்தக் கட்டணம் தொடரும்? அப்டேட் பிழையானால் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரிந்த நிர்வாகிக்கு இனி இந்த வட்டாரத்தில் வேலைக்குப் பஞ்சம் இருக்காது. கணினித் துறை படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு, தைப்பூச விடுமுறை முடிந்த வாரத்தில் கட்டண விவரத்தைத் திறந்து, அன்றைக்கு எத்தனை மணி நேரம் கணினி ஓடியது என்று பாருங்கள். பூஜ்யம் என்று இருந்தால் உங்கள் நிர்வாகிக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கலாம்.